மக்டலீன் வீட்டுப் பாத்திரம்

“அந்த வீட்டுப் பாத்திரத்துல என்னென்ன வெந்திருக்கோ, அதுல செஞ்சதை என் டேபிள்ல வைக்காதீங்க.”

வசுந்தரா இதை மூன்றாவது தடவையாகச் சொன்னாள். ஒரு வார்த்தைகூட மாறவில்லை. கான்வென்ட்டில் ஒப்புவித்தல் போட்டியில் பரிசு வாங்கியவள்.

மேஜைமேல் கண்ணாடிப் பாத்திரத்தில் கிரான்பெர்ரி கிரம்பிள் ஆவி பறக்க இருந்தது. பக்கத்தில் பன்னிரண்டு வயது நிவேதிதா, சட்டையெல்லாம் மாவு. கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து மக்டலீனோடு சேர்ந்து அவளே செய்தது. அவளுடைய முதல் பேக்கிங்.

“ரொம்ப ஈஸிம்மா. பழத்தைக் கழுவி, சர்க்கரையும் ஆரஞ்சு ஜூஸும் கலந்து அடியில கொட்டணும். ஓட்ஸ், மாவு, சில்லுனு வெண்ணெய், மூணையும் விரலால உதிர்த்து மேல தூவணும். ஓவன்ல நாற்பது நிமிஷம், அவ்வளவுதான். உள்ள பழமெல்லாம் பட் பட்னு வெடிக்குது. முட்டையே போடலை. அம்மா சாப்பிட மாட்டாங்கன்னு ஆன்ட்டி முதல்லயே சொல்லிட்டாங்க.”

“முட்டை இல்லை, சரி. போன வாரம் இதே பாத்திரத்துல மீன் இருந்திருக்கும்.”

கணவன் ஜெயகாந்த் ஆபீஸ் கேன்டீனில் சிக்கன் சாப்பிடுவது வசுந்தராவுக்குத் தெரியும். தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அதனால் கையில் எடுத்த ஸ்பூனை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தான்.

நிவேதிதா விடவில்லை. தெருமுனை பேக்கரியில் பன்றிக்கறி ஹாம் வைத்த பன்னையும் அம்மா ஆசையாக வாங்கும் ஆப்பிள் கேக்கையும் ஒரே இடுக்கியால்தான் எடுக்கிறார்கள் என்றாள்.

“அது கடை. இது வீடு.”

இதற்குமேல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் யாராலும் வாதாட முடியாது.

சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று ஒருவழியாகச் சமாதானம் ஆகி, அப்பாவும் மகளும் நீச்சலுக்குக் கிளம்பினார்கள். கதவு சாத்திய சத்தம் கேட்டதும் வசுந்தரா கிரம்பிளை வழித்து, பழைய தமிழ்ப் பத்திரிகைத் தாளில் சுற்றி, முற்றத்தில் சாப்பாட்டுக் கழிவு போடும் பழுப்புத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

மகளிடம் என்ன சொல்வது? வாசனை தாங்காமல் அம்மாவே தின்றுவிட்டாள் என்றால் போயிற்று. குழந்தைக்குச் சந்தோஷம்தான்.

பாத்திரத்தைத் தேய்த்துத் துடைத்தாள். யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பித் தருவது அவள் வளர்ந்த வீட்டில் வழக்கமில்லை. எட்டு தேங்காய் பர்பியை அடுக்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

மக்டலீன் வீட்டுக் கதவுக் கைப்பிடியில் முறை அட்டை தொங்கியது. படிக்கட்டைக் கூட்டி, குப்பைத் தொட்டிகளைத் தெருவுக்கு இழுத்து வைக்கும் முறை இந்த வாரம் அவர்களுக்கு. நல்லவேளை, நமக்கு அடுத்த வாரம்தான் என்று நினைத்துக்கொண்டே மணியை அழுத்தினாள்.

திறந்தது மக்டலீனின் மகள் சுபானி, நர்சிங் படிக்கிறவள்.

“வாங்கோ அன்ரி. அம்மா வெளி முத்தத்தில நிக்கிறா, இப்ப வந்திடுவா.”

“பிரமாதம்னு அம்மாகிட்ட சொல்லும்மா. ஒரு துளி மிச்சமில்லை. முக்கால்வாசி நானே சாப்பிட்டேன்.”

சுபானியின் முகம் மலர்ந்தது. “மெய்யாவோ? எங்கட வீட்டில இருந்து நீங்கள் சாப்பிட்ட முதல் சாமான் எல்லோ.”

சமையலறைக்கு அழைத்துப் போய்ப் பர்பியைத் தட்டுக்கு மாற்றினாள். ஆனால் பாத்திரத்தை மற்றப் பாத்திரங்களோடு வைக்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, மேல் அலுமாரியைத் திறந்தாள். உள்ளே வெள்ளைத் துணி விரித்து ஒரு பால் சட்டி, இரண்டு கரண்டி, இரண்டு கப். கப்பில் கடை ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை.

“யாருக்கும்மா இதெல்லாம்?”

“உங்களுக்குத்தான் அன்ரி. நீங்கள் மச்சம் சாப்பிடாத ஆக்கள் எண்டு தெரிஞ்ச கிழமையே அம்மா வாங்கி வச்சவ. ரெண்டு வருசமாச்சு. எங்களுக்குத் தொட ஏலாது. மீன் சட்டியோட சேர்த்துக் கழுவினால் பேச்சுத்தான். நீங்கள் வரேக்கை எல்லாம் விரதம் எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவீங்கள். இண்டைக்குத்தான் முதன்முதலா ஒண்டு கீழ இறங்கினது.”

வசுந்தராவுக்கு அந்த விரதங்கள் வரிசையாக ஞாபகம் வந்தன. செவ்வாய், வியாழன், சஷ்டி, பிரதோஷம். ஒன்றிரண்டு நிஜமும்கூட.

முன்கதவு திறந்தது. பழுப்புத் தொட்டியில் பிதுங்கியதை அமுக்கி மூடி, தொட்டிகளை இழுத்து வைத்துவிட்டு மக்டலீன் ரப்பர் கையுறையோடு உள்ளே வந்தாள். கையுறை விரல்களில் சிவப்புச் சாறும் ஓட்ஸ் துகளும் அப்பியிருந்தன. கூடவே, நனைந்த தமிழ்த் தாள் ஒரு துணுக்கு.

“அம்மா, வசு அன்ரி முக்கால்வாசியும் தானே சாப்பிட்டவவாம்.”

மக்டலீன் திறந்திருந்த மேல் அலுமாரியைப் பார்த்தாள். வசுந்தராவைப் பார்க்கவில்லை.

“ஓம், நல்லது,” என்றாள் மகளிடம். சிங்க் பக்கம் திரும்பி, கையுறையைக் கழற்றாமலே குழாயைத் திறந்தாள்.

வசுந்தரா சிங்க் பக்கம் ஓரடி வைத்தாள்.

“அக்கா, இன்னைக்கு எனக்கு விரதம் இல்லை.”

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மக்டலீன் திரும்பவில்லை.

“அந்தக் கப்புல ஒரு டீ போட்டுத் தாங்கக்கா.”