சொதியும் சீமைப் புட்டியும்

“ஏட்டி தங்கத்தாய், உள்ளதச் சொல்லு. நேத்து முக்காப் புட்டி இருந்துச்சு, இன்னைக்குப் பாதிதான் இருக்கு. யாரு குடிச்சா?”

வக்கீல் பூதலிங்கம் பிள்ளை அதட்டத்தான் நினைத்தார். ஆனால் குரல் எழும்பவில்லை. சேரன்மகாதேவிக் கோயிலில் நெற்றி நிறையத் திருநீறு பூசித் தேவாரம் பாடுகிற மனிதர், வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இத்தாலி ஒயின் குடிப்பது பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும்.

“நான் தொடலய்யா. இசக்கியம்மன் மேல ஆணை. திருடின்னு பேராயிட்டா இந்த ஊர்ல யாரு வீட்டுல என்னச் சேத்துக்கிடுவாவ?” வேலைக்காரி தங்கத்தாய் அழுதாள்.

“வீட்டுல நீயும் அம்மாவுந்தான். அவ ஒயின் பேரக் கேட்டாலே மூக்கப் பொத்துதவ. நாளையில இருந்து நீ வரவேண்டாம்.”

மனைவி கோமு அடுக்களை வாசலில் தலையைக் குனிந்து நின்றாள். பிள்ளைக்கு அந்தக் குனிந்த தலையைப் பார்க்க முடியவில்லை. தன் குடியால்தானே அவள் இப்படிக் கூசிப்போய் நிற்கிறாள்?

தூத்துக்குடிக் கட்சிக்காரர் ஒருவர் தொற்றவைத்த பழக்கம் அது. இரண்டு மூன்று தினுசுத் திராட்சையைக் கலந்து செய்த சிவப்பு ஒயினாம்; சாப்பாடு அதற்குப் பொருந்தி வந்தால்தான் ருசியாம். அதைப் பிள்ளை வீட்டில் வந்து சொன்ன நாளிலிருந்து கோமுவும் முகம் சுளிக்காமல் சமைத்து வருகிறாள்.

பிள்ளை இலை முன் உட்கார்ந்தார். ஒரு வாய் சொதிச் சோறு, ஒரு மடக்கு ஒயின். அப்படியொரு பொருத்தம். அவருக்கு வெட்கம் இன்னும் கூடிப்போயிற்று.

“ஏளா கோமு, எனக்கே வெக்கமா இருக்கு. இந்தக் கருமத்த நீ மோந்துகூடப் பாத்ததில்ல. ஆனாலும் எனக்குத் தோதாச் சமைச்சுப் போடுத. இத்தோட விட்டுருதேன்.”

கோமு இன்னும் ஒரு கரண்டி சொதியை ஊற்றினாள். கொல்லைப் பக்கம் தங்கத்தாய் விசும்பிக்கொண்டே தன் பாத்திரத்தை எடுப்பது கேட்டது.

“அவளப் போகவேண்டாம்னு சொல்லுங்க.”

“ஏன்?”

கோமு அப்போதும் தலை நிமிரவில்லை.

“இந்தப் புட்டி போன புட்டி மாதிரி இல்ல. நாக்குல ரொம்பத் துவர்க்கு. அதான் சொதியில தேங்காப்பாலக் கூடக்கொஞ்சம் விட்டேன்.”