காற்றுக்கு ஏற்ற உடுப்பு

"பறக்கவும் கூடாதும்மா, இறுக்கவும் கூடாது. ரெண்டுக்கும் நடுவால ஒரு உடுப்பு வேணும்," என்றாள் சுதர்ஷினி.

கட்டில் முழுக்கத் துணி பரப்பிக் கிடந்தது. தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்த களைப்போடு புஷ்பம் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள்.

"இந்தப் பாவாடைக்கு என்ன குறை?"

"சங்கிலியில சிக்கும்."

"அப்ப சுரிதார்?"

"சால் போய் சக்கரத்துல சுத்தும். சால் இல்லாம போனா நீங்களே ஏசுவீங்க."

"ஏசத்தான் செய்வேன். ஊரே பாக்குமே."

கீழே சிங்களக் கிராமத்து மைதானத்தில் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா. பெண்கள் சைக்கிள் போட்டியில் ஜெயிக்கிறவளுக்குப் புதுச் சைக்கிள். அது மட்டும் கிடைத்தால் சுதர்ஷினி அடுத்த தோட்டத்துப் பாலர் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்துவிடுவாள். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. ரப்பர் மலையைச் சுற்றி நடந்தால், போய்ச் சேருவதற்குள் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சைக்கிள் கிடைக்காவிட்டால் கொழும்புக்கு, கார்மெண்ட் வேலைக்கு. கூடப் படித்த ஷாமிளா அங்கே தங்குகிற அறையில் இவளுக்கும் இடம் பிடித்து வைத்திருந்தாள். அதை நினைத்தாலே புஷ்பத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"அப்பாவோட களிசானத் தாங்கம்மா. அதுதான் சரி."

"ஆம்பள உடுப்பா? எனக்குப் பாக்கவே கூசுது."

"கண்ண மூடிக்கங்க. நீங்க மலைக்குப் போறப்ப இடுப்புல படங்குச் சாக்கக் கட்டிக்கிறீங்களே, அது என்ன அழகுக்கா? வேலைக்குத் தக்கன உடுப்பு."

புஷ்பம் அந்தக் கால்சட்டையை எடுத்து மடியில் போட்டாள். கத்தரிக்கோலை எடுத்தாள்.

களிசானின் இடுப்பைப் பிடித்துத் தைத்தாள். கணுக்கால் பக்கம் சங்கிலியில் மாட்டாதபடி இலாஸ்டிக் வைத்தாள். மேலுக்கு ஒரு பழைய பருத்திச் சட்டை. ஊசி ஏறி இறங்க, ஏறி இறங்க, சாயங்கால மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வந்து அவள் மடியில் உட்கார்ந்துகொண்டது போலிருந்தது.

அந்தப் பனிக்குள்ளே வளைவு ரோட்டில் மகள் போய்க்கொண்டிருந்தாள். சக்கரம் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை. சட்டைக்குள் காற்றுப் புகுந்து முதுகில் சிறகு மாதிரிப் புடைத்திருந்தது. ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் ஓடின. மற்றப் பிள்ளைகள் எங்கோ தூரத்தில் சிறு பொட்டாகத் தெரிந்தார்கள், பிறகு அதுவும் இல்லை. சுதர்ஷினி மட்டும்தான். சுதர்ஷினியும் காற்றும்.

"என்னம்மா தனியா சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. முதுகுப் பக்கம் கொஞ்சம் தளர்த்தி விடுறேன். காத்துப் போகட்டும்."

"காத்து எங்கம்மா அடிக்கப் போகுது? முட்டி மடங்குனா எனக்குப் போதும்."

தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டாள் புஷ்பம்.

விழா நாளன்று புஷ்பமும் போனாள்; அந்த மைதானத்துக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. பிரச்சினைக் காலம் முழுக்க சோதனைச் சாவடியைத் தாண்டி எந்தக் கொண்டாட்டத்துக்கும் போனதில்லை. இந்த வருடம்தான் சாவடியை எடுத்திருந்தார்கள். கடைவீதி பளீலா துணைக்குப் பக்கத்தில் நின்றாள். ஒலிபெருக்கியில் யாரோ சிங்களத்தில் என்னவோ சொன்னார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ரபான் மேளம் அடித்த சத்தத்தில் ஒரு சொல்லும் புஷ்பத்தின் காதில் விழவில்லை.

விசில் ஊதியது.

மஞ்சள் சட்டைக்காரி போனாள். நீலப் பாவாடைக்காரி போனாள். ஒவ்வொருத்தியாக எல்லைக் கயிற்றைத் தாண்டினார்கள். சுதர்ஷினி மைதானத்து நடுவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தாள். இரவல் சைக்கிள் நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை.

"மிதி புள்ள, மிதி," என்று கத்தினாள் புஷ்பம். மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இலாஸ்டிக் காலை இறுக்குகிறதோ. இடுப்பைப் பிடித்துத் தைத்தது பிழையோ. மூடுபனிக்குள் பறந்த பிள்ளை இப்போது கனவில் நடக்கிறவள் மாதிரி, காற்றே இல்லாத வெயிலில் அசைந்து அசைந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் கொழும்பு பஸ் நிற்பது போலிருந்தது புஷ்பத்துக்கு.

முன்னால் எல்லோரும் போய் முடிந்த பிறகு, ஆகக் கடைசியாக சுதர்ஷினியின் சக்கரம் கயிற்றைத் தொட்டது. மைதானமே கூச்சல் போட்டது. சிரிக்கிறார்கள் என்று புஷ்பம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என் தையலே எம்புள்ளயக் கவுத்துருச்சு பளீலா. இனி அவ கொழும்புக்குத்தான்."

பளீலா கைதட்டிக்கொண்டே திரும்பினாள். "என்ன புஷ்பம், இந்த நேரத்துல போய் அழுவுறீங்க? இது மெதுவா ஓட்டுற போட்டி. கால் ஊனாம கடைசியா வர்றவளுக்குத்தான் சைக்கிள்."