நின்ற இடத்தில் பூஜ்ஜியம்

சாயப்பட்டறை வாய்க்காலில் நகத்தளவு சென்சார் ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு ஜெல் துளியும் அளவு காட்டும் ஒரு முள்ளும். தண்ணீரில் அமிலம் கலந்தால் ஜெல் வீங்கி முள்ளைத் தள்ளும். முள்ளைப் பார்த்துத்தான் மீன்கள் வாய்க்காலுக்குள் வரும்.

அன்று ஜெல்லுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீங்கித் தள்ளியும் முள் பூஜ்ஜியத்திலேயே நின்றது.

“அண்ணே, நகருங்க! அமிலம்!”

“நகர்ந்துதான்டா நிக்கிறேன். காலையில பட்டறை மேனேஜர் நம்மளை இதே தண்ணியில முக்கி, நான் நின்ன இடத்துலயே பூஜ்ஜியத்தை எழுதி வச்சிட்டாரே.”

“அப்போ எனக்கு எரியறது பொய்யா?”

“உனக்குத் தோல் மெல்லிசு. பொறுத்துக்கோ.”

வெளியே கெளுத்தி ஒன்று குஞ்சுகளோடு எட்டிப் பார்த்தது. “முள்ளண்ணே, பிள்ளைகளைக் கூட்டிட்டு வரலாமா?”

“தாராளமா வா தாயி. நல்ல தண்ணி.”

ஜெல்லுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “அடப்பாவி!” என்று கத்தியபடி, உடம்பு கிழியும் என்று தெரிந்தே, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி உப்பியது. முள் அலறிக்கொண்டே சிவப்புக் கோட்டில் போய் முட்டியது. கெளுத்தி குஞ்சுகளை விரட்டிக்கொண்டு வந்த வழியே ஓடியது.

மேனேஜர் வந்து பார்த்தார். “ஜெல் கெட்டுப்போச்சு” என்று கிழிந்த துளியை வழித்தெறிந்துவிட்டு, புதிதாக ஒன்றை வைத்தார்.

நனைந்த மறுகணமே அதுவும் வீங்கத் தொடங்கியது.