இன்னும் ஒரு கிலோ

"அப்பா ஆஸ்பத்திரியில கிடக்கிறாரு, உனக்கு இடுப்பு இளைக்கணுமா? யாரு பார்த்து மயங்கணும்?" என்று பொரிந்து தள்ளினாள் அம்மா.

போன மாதம்தான் பதினெட்டு முடிந்திருந்த மகள் செருப்பை மாட்டினாள்.

"பட்டினி கிடக்கலைம்மா. எண்ணெயும் இனிப்பும்தான் தொடுறதில்லை. தினமும் நடக்கிறேன். இன்னும் ஒரு கிலோதான்."

மறுவாரம் ஒரு காலையில், அப்பாவின் முகத்தைத் துணியால் மூடிவிட்டு வெளியே வந்தார் டாக்டர்.

"உங்க பொண்ணு தன் கல்லீரல்ல ஒரு பகுதியை அவருக்குத் தர்றேன்னு சொன்னா. அதுல கொழுப்பு இருந்துச்சு. எடையைக் குறைச்சுட்டு வரச் சொன்னேன். அப்புறமா உங்ககிட்ட பேசலாம்னு இருந்தோம்..."

அவர் நகர்ந்தார்.

நடையை முடித்து வேர்க்க விறுவிறுக்க வந்த மகள், நேரே ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்த எடை மெஷினில் ஏறினாள். குனிந்து முள்ளைப் பார்த்தாள்.

"குறைஞ்சிடுச்சும்மா! டாக்டரைக் கூப்பிடு!"