யார் கண்ணிலும் படாமல்

கணவன் லெஃப்தேரிஸின் குறட்டை ஒரே சீராக வர ஆரம்பித்ததும் எவாந்தியா கட்டிலை விட்டு எழுந்தாள். உப்பு ஜாடிக்குக் கீழே நாலே வார்த்தையில் ஒரு சீட்டு எழுதி வைத்தாள்: 'என்னைத் தேடாதே. யாரிடமும் கேட்காதே.'

கைப்பையில் ஒரு மாற்றுத் துணி, ஒரு பழுப்பு உறை. பெட்டியைத் தூக்கினால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். தலையில் துணியைச் சுற்றி, பாதி முகத்தை மறைக்கிற கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

மத்தியானம் மூன்று மணிக்குக் கப்பல். அதை விட்டால் வெள்ளிக்கிழமைதான். நாளைக் காலை பத்தரை மணிக்கு அக்கரையில் அவர் காத்திருப்பார். ஆறு மாதம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய நேரம். போன தடவை ஊர்க் கண்ணில் பட்டுத் தொலைத்தாள், அவரைப் பார்க்காமலே திரும்ப வேண்டியதாயிற்று. இந்தத் தடவை ஒரு ஈ காக்கைக்கும் தெரியக் கூடாது.

சாப்பிட்டுவிட்டு ஊரே உறங்குகிற நேரம். படிக்கட்டுத் தெருவில் இறங்கும்போது மேலே ஒரு ஜன்னல் படக்கென்று சாத்திக்கொண்டது. அடுத்த வீட்டிலும் ஒன்று. வெயிலுக்குச் சாத்துகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

திருப்பத்தில் ரொட்டிக்கடை பந்தேலிஸ் வாசலிலேயே நின்றான். அவன் வாயில் விழுந்த சேதி ரொட்டி வேகுமுன் ஊரைச் சுற்றிவிடும். ஒளிய இடமில்லை. எவாந்தியா தலையைக் குனிந்துகொண்டாள்.

அவனோ சட்டென்று முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரோரப் பூனையிடம் பேச ஆரம்பித்தான்.

"என்னடா, சாப்டியா? இந்த வெயில்ல யாராச்சும் வெளிய வருவாங்களாடா?"

நல்ல வேளை என்று நடையை எட்டிப் போட்டாள்.

டிக்கெட் அறையில் அர்கிரோ. தெருநாய் குறுக்கே போனாலும் எங்கே போகிறாய் என்று நிறுத்திக் கேட்கிறவள்.

"ஒண்ணு குடு," என்றாள் எவாந்தியா, தொண்டையைக் கனைத்துக் குரலை மாற்றிக்கொண்டு.

அர்கிரோ தலையை நிமிர்த்தவில்லை. "இந்தா. சீக்கிரம் ஏறு, காத்து கிளம்புது. கப்பல் நிக்காது."

இனி துறையைக் கடப்பதுதான் பாக்கி. அங்கே கேஸ் சிலிண்டர்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தன் சிலிண்டருக்காகக் காத்திருந்தாள் கல்லியோப்பி. நாற்பது வருஷமாக அடுத்த வீடு. அவள் எவாந்தியாவைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தாள். எவாந்தியா தலைத்துணியை இன்னும் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"யாரு கல்லியோப்பி அது?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"யாரோ சுத்திப் பாக்க வந்த வெளியூர்க்காரி. விடு, நமக்கென்ன."

கறுப்புக் கண்ணாடிக்கு மனதுக்குள்ளேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டு எவாந்தியா கப்பலேறினாள்.

கரை விலகிய பிறகுதான் மூச்சு வந்தது. பழுப்பு உறையைத் திறந்து, உள்ளே இருந்த சீட்டைக் கண்ணருகே பிடித்து இன்னொரு முறை படித்தாள். கண் டாக்டர். புதன்கிழமை, காலை பத்தரை.

கடல் தாண்டி வருகிற எதுவும் இந்தத் தீவில் ஒன்றரை மடங்கு விலை. அக்கரையில் ஒன்றரை யூரோவுக்கு விற்கிற பால் இங்கே இரண்டே கால். பாதிச் சாமான் கிடைக்கவே கிடைக்காது. அதனால் யாராவது ஒருவர் கப்பலேறப் போகிறார் என்று தெரிந்தால் போதும், சாமான் வாங்கிவரச் சொல்லி வீட்டுக்கு வீடு லிஸ்ட் வந்துவிடும். மாட்டேன் என்று சொல்ல இங்கே யாருக்கும் வாய் வராது. இன்று ஒருத்தர், நாளை நாம். எவாந்தியாவும் எத்தனையோ பேரிடம் கொடுத்து அனுப்பியவள்தான்.

போன தடவை பதினாலு லிஸ்ட். மோட்டார் சைக்கிள் டயர், கோழித் தீவனம், குளியலறைக் குழாய், பந்தேலிஸின் அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை. கடை கடையாக ஓடி முடித்து டாக்டர் வாசலுக்குப் போனபோது மணி பன்னிரண்டரை, அவர் கிளம்பியிருந்தார். அடுத்த நேரத்துக்காகக் காத்திருந்த ஆறு மாதத்தில் இடது கண் அணைந்துவிட்டது. இப்போது வலது கண்ணிலும் புகை மூட்டம். நாளை தவறினால் அதுவும் போய்விடும். ஊர் மேல் ஆத்திரமாக வந்தது. ஊரை ஏமாற்றிவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"எவாந்தியாக்கா!"

திடுக்கிட்டுத் திரும்பினாள். கப்பலில் கயிறு கட்டும் மாந்தோஸ், அவளுடைய ஊர்க்காரன். கடைசி நேரத்தில் துறைக்கு ஓடி வருகிறவர்களின் லிஸ்டுகளை வாங்கிவந்து பயணம் போகிறவர் கையில் கொடுப்பது அவன் வழக்கம். ஒரு கை சட்டைப் பைக்குள் இருந்தது.

"நீ என்னப் பாக்கல மாந்தோஸ்," என்று கெஞ்சினாள். "உனக்குப் புண்ணியமாப் போகும்."

"ஊரே பாத்தாச்சுக்கா. உன் டாக்டர் சீட்டு லெஃப்தேரிஸ் மாமா கையில சிக்கிடுச்சாம். நேத்தே காபிக்கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு."

பாவி மனுஷன்! மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்ததையும் தோண்டி எடுத்துவிட்டானா? எவாந்தியாவுக்கு அழுகை முட்டியது. இனி காகிதக் கட்டு வெளியே வரும். பதினாலா, இருபதா? மாட்டேன் என்று சொல்ல இப்போதும் வாய் வரவில்லை. வழக்கம்போலக் கையை நீட்டிவிட்டாள்.

மாந்தோஸ் சட்டைப் பையிலிருந்து வெறும் கையை எடுத்து, நீட்டிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இந்தத் தடவ ஊர்ல யாருக்கும் ஒண்ணும் வேணாமாம்க்கா."