இறங்குகிற வண்டிக்கு வழி

மேலே பதினான்காவது வளைவில் ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டு நின்றது. கத்தி என்ன பயன்? மே மாத ஞாயிற்றுக்கிழமை. குளிர்காற்று வாங்கக் கிளம்பிய கூட்டத்தில் ஏற்காட்டு மலைப்பாதை முழுக்க வண்டி.

பதிமூன்றாவது வளைவில் விசிலும் சிவப்புக் கொடியுமாக நின்ற தனபாலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. ஆம்புலன்ஸோ இறங்குகிற வண்டி.

“கொஞ்சம் ஓரங்கட்டுங்க. உள்ள யாரோ உசுருக்குப் போராடறாங்க” என்று ஏறி வந்த பஸ்ஸை மறித்தான்.

“வளைவுல நிறுத்துனா மறுபடி இழுக்காதுங்க” என்று முனகினாலும் டிரைவர் நிறுத்தினார். பின்னால் நின்ற கார்களை ஒதுக்கப் போனவன் முகத்தில் பஸ் கரும்புகையைக் கக்கியது.

நெஞ்சை அடைத்தது. காலையிலும் இப்படித்தான் அடைத்து, மேலே ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். ஈசிஜி எடுத்த நர்ஸ் ஹரிணி, “பீடி, சிகரெட் உண்டுங்களா?” என்று கேட்டாள்.

“கிடையாதுங்க. மூணு வருசமா மலைப்பாதையில வண்டிய ஒழுங்கு பண்ணி உடறேன்.”

“அப்புறம் பீடி எதுக்குங்கண்ணா? வண்டிப் புகையே போதும், ரத்தக் குழாயக் கெடுத்துப்போடும். டாக்டர் வந்து பாக்கற வரைக்கும் உக்காருங்க.”

அவன் உட்காரவில்லை. போன் நம்பரையும் வேலை பார்க்கும் இடத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டான். காபி எஸ்டேட்டில் மூட்டை தூக்கிய உடம்பு, என்ன ஆகிவிடும் என்ற நினைப்பு.

வளைவில் கொய்யா விற்கும் கனகா, “இந்தக் குளிர்லயும் வேர்த்துக் கொட்டுதே, கொஞ்ச நேரம் உக்காருங்கண்ணா. போன் வேற அடிச்சுக்கிட்டே கெடக்குது” என்றாள்.

“ஊட்டுல இருந்து கௌரியாத்தான் இருக்கும், சாப்பாட்டுக்குக் கூப்புடுவா. ஆம்புலன்ஸ் போகட்டும்ங்க, அப்புறம் பேசிக்கலாம்.”

ஒவ்வொரு காராகக் கெஞ்சினான். கண்ணாடியை இறக்கக்கூட ஆளில்லை, ஏசி நின்றுவிடும் என்று எஞ்சினை அணைக்கவும் ஆளில்லை. உள்ளே கிடப்பது யாருடைய புருஷனோ, யாருடைய பிள்ளையோ என்று நினைக்க நினைக்க அவனுக்கு அழுகையே வந்தது. இடது கை மரத்துப்போனதால் கொடியை வலது கைக்கு மாற்றிக்கொண்டான்.

அரை மணி நேரம் கழித்து, ஒரு வண்டி நுழையும் அளவுக்கு வழி கிடைத்தது. ஆம்புலன்ஸ் மெல்ல இறங்கி வந்து, சரியாக அவன் பக்கத்தில் நின்றது.

தனபாலுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏனுங்க நிக்கறீங்க? பாடுபட்டு வழி பண்ணிருக்குது, போங்க” என்று கொடியை ஆட்டினான்.

பின்கதவு திறந்தது. உள்ளே ஸ்ட்ரெச்சர் காலியாக இருந்தது. ஹரிணி குதித்து இறங்கி ஓடி வந்தாள்.

“எத்தனை தடவைங்கண்ணா போன் பண்றது? ஏறிப் படுங்க.”