துண்டுக்கு மேலே

கெத்தின் விலை முப்பதாயிரம் ரூபாய். நானே கணக்குப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் மாட்டுச் சந்தையில் வாயால் விலை பேசுவதில்லை. விற்பவன் கையும் வாங்குபவன் கையும் ஒரே துண்டுக்குள் போகும். ஒரு விரலைப் பிடித்தால் பத்தாயிரம்; ஐந்துக்கு மேல் என்றால் விட்டு மறுபடி பிடிக்கவேண்டும். துண்டுக்கு மேலே தெரிகிற முகத்தைத்தான் நாங்கள் கெத்து என்போம். அது வாடினால் மாட்டின் விலையும் இறங்கிவிடும்.

சென்னியப்பன் அன்று தன் காளைச் சோடியை ஓட்டிக்கொண்டு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தான். அவன் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். சாயங்காலத்துக்குள் எண்பதாயிரம் கட்டவேண்டும். சொன்னால் விலை விழும் என்று யாரிடமும் சொல்லவில்லை. துண்டுக்குள் எட்டு விரல் கேட்டான். நான் ஆறு பிடித்தேன்.

"ஏம்ப்பா, சோடிக்கு வெலை கேக்கறயா, வாலுக்குக் கேக்கறயா?" என்று சந்தையே திரும்பிப் பார்க்கச் சிரித்தான்.

மேலே அந்தச் சிரிப்பு. உள்ளே அவன் விரல்கள் நடுங்கின. என் கையை விடவே இல்லை. இத்தனை வருஷத் தொழிலில் அந்த நடுக்கம் எனக்குப் புரியாதா? எதற்கென்று கேட்கவில்லை. ஐந்துக்கு இறங்கினேன்.

"போச்சாது, ஓட்டீட்டுப் போ," என்று மீசையைத் தடவிக்கொண்டே கயிற்றைக் கொடுத்தான்.

நான்காம் நாள் அவன் மனைவியின் துக்கத்துக்குப் போய், வழக்கப்படி கை நீட்டினேன். அதே வெள்ளைச் சட்டை.

"வாப்பா. மாடு நல்லாத் தீனி எடுக்குதா?"

அவன் விரல்களில் நடுக்கம் இல்லை.

கேட்டது எட்டு, கொடுத்தது ஐந்து. மூன்று விரல் இன்னும் என் கையில் இருக்கிறது.